ஒரு மங்குதான் போட்டேன் என்றேன்

தம்பி,

இந்தக் கடிதத்தில் கையெழுத்து உன் தங்கையுடையது, பேச்சு என்னுடையது. போன வருடத்திலிருந்து என் வலது கை நடுங்குவது உனக்குத் தெரியும். பேனாவைப் பிடித்தால் எழுத்து கோழி கிளறியது போல வருகிறது. அதனால் நான் வாயில் வந்தபடி சொல்கிறேன், இவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறாள். எஸ்டேட் கரண்டு நின்று நேரமாகிவிட்டது. சமையலறைத் தரையில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே உன் அம்மா தூங்குகிறாள். அவள் புரண்டு படுத்துக் கட்டில் சத்தம் போடும்போதெல்லாம் இவள் தாளைப் பூகோளப் புத்தகத்துக்குள் தள்ளிவிட்டு என்னைப் பார்க்கிறாள். பயந்த பிள்ளை. இந்த வேலையை இவளிடம் கொடுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் இந்த வீட்டில் இப்போது எழுத முடிந்தவர்கள் நீயும் இவளும் மட்டும்தான். நீ ஜொகூரில் இருக்கிறாய்.

போன வாரம் வந்த உன் கடிதத்தையும் இவள்தான் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். உன் தொழிற்சாலையில் செருப்புக்கான நுரை ஷீட்டுக்குப் புது மருந்து பார்க்கிறார்கள், மூன்று மருந்துகளை வைத்து உன்னைச் சோதிக்கச் சொன்னார்கள், மூன்றாவது மருந்தைத்தான் மானேஜருக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த மருந்தைப் போட்டு நீ செய்த ஐந்து ஷீட்டில் இரண்டு, அடுப்பில் வைத்ததும் குழைந்து சுருங்கிவிட்டன என்றும் எழுதியிருந்தாய். மூன்று தேறியது போதும், அடுத்த மாதம் முதல் வாரத்தில் அதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிடு என்கிறார் மானேஜர், போட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று முடித்திருந்தாய். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நம்ம புள்ள கையெழுத்துக்கு ஒரு பேக்டரியே காத்துக்கிட்டு இருக்கு பாருங்க” என்றாள். நான், “அந்த ரெண்டு ஷீட்டு ஏன் குழைஞ்சுதுன்னு பாத்துட்டுப் போடலாமே” என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. “அவன் படிச்சவன். நீங்க வாய வைக்காதீங்க. இப்பதான் வேல நெலச்சிருக்கு” என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் இது.

நான் உனக்கு ரசாயனம் சொல்லித்தரப் போவதில்லை. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கப் போனோமே, நினைவிருக்கிறதா? படகுத்துறையில் வலை காயப்போட்டிருந்தார்கள். நீ அதைக் கையில் பிடித்துக் காட்டினாய். “இந்த நூலெல்லாம் தனித்தனியா கெடந்தா, இழுத்தா வந்துடும்ப்பா. முடிச்சுப் போட்டாத்தான் வல. பிளாஸ்டிக்கும் அப்படித்தான், உள்ள நீள நீளமா நூல் மாதிரி கெடக்கு. நீங்க மிக்சிங் ரூம்ல போட்டீங்களே ஒரு வெள்ள மருந்து, அது முடிச்சுப் போடுற மருந்து. முடிச்சு விழுந்துட்டா அப்புறம் சூடு பட்டாலும் உருகாது” என்றாய். ஆறு வருடம் அந்த மருந்தை அள்ளி அள்ளிப் போட்டவன் நான். அது என்ன செய்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மீன்காரன் நம் இருவரையும் பார்த்து, வலை வாங்க வந்தவர்கள் போலிருக்கிறது என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது பாக்கியத்தின் கை நினைவுக்கு வந்தது.

மூன்றாம் லயத்து வரிசை வீட்டுப் பாக்கியத்தை உனக்குத் தெரியும். பள்ளிக்கூட பஸ்ஸில் உன் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரும் மலரின் அம்மா. அவளும் நானும் ஒரே நாளில்தான் ராவாங் சாலையில் இருந்த அந்தச் செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தோம். அதற்கு முன் நான் பால் ஸ்டோரில் இருந்தேன். வெட்டுக்காரர்கள் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலில் ஆசிட் கலந்து கெட்டியாக்குவது என் வேலை. மழை நாளில் பால் தண்ணீராக வரும், அன்று ஆசிட் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். எவ்வளவு என்று கணக்கெழுதும் கிராணி என்னைத்தான் கேட்பார். பாலை ஒரு விரலில் தொட்டுப் பார்த்துச் சொல்வேன். தப்பியதில்லை. பிறகு ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். பால் இல்லை, ஸ்டோரும் இல்லை. தொழிற்சாலை வேன் லயத்து வாசலுக்கே வந்தது, ஏறிப் போனோம். என்னை மிக்சிங் ரூமில் போட்டார்கள். பாக்கியத்தை ஷீட்டை வேகவைக்கும் அச்சு இயந்திரத்தில் போட்டார்கள். மிக்சிங் ரூமில் இரண்டு பெரிய உருளைகள் சூடாகச் சுற்றும். பிளாஸ்டிக், சுண்ணாம்புத் தூள், மெழுகு போல ஒரு ஆசிட், நுரைக்க வைக்கும் மஞ்சள் தூள், எல்லாம் அதில் அரையும். கடைசியில் இந்த வெள்ளை மருந்து ஒரு எனாமல் மங்கு, சோற்றுக் கிண்ணம் அளவு. தலை தட்டி ஒரு மங்கு. அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த அளவு.

நீ ஐந்தாம் படிவம் படித்த வருடம் அது. முதலாளி சுண்ணாம்புத் தூளை நிறுத்திவிட்டு, வேறு இடத்திலிருந்து ஒரு களிமண் தூள் இறக்கினார். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது, எல்லோருக்கும் பிடித்தது. மறுநாள் காலையிலிருந்து ஷீட்டுகள் வேகாத இட்லி போல வந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சூப்பர்வைசர் மணியம் ஒரு ஷீட்டை என் காலடியில் போட்டார். “என்னா இது? செருப்பா, பலகாரமா? பால் ஸ்டோர்ல இருந்த ஆளுதானே நீங்க? கெட்டியாக்குறதுதானே லா உங்க வேல?” என்றார். உருளைப் பக்கம் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கெட்டியாகவில்லை என்றால் ஆசிட் கூட்ட வேண்டும், இதுதான் இருபது வருடம் என் கை படித்த பாடம். அந்த மெழுகு ஆசிட்டை இரண்டு பிடி கூடுதலாக அள்ளிப் போட்டேன். இன்னும் மோசமாக வந்தது. சரி, மருந்தையே கூட்டுவோம் என்று வெள்ளை மருந்தை ஒன்றரை மங்கு போட்டேன். பிறகு இரண்டு மங்கு போட்டேன். ஷீட் ஒரு மாதிரியாக நின்றது. மணியம் வந்து தோளில் தட்டினார். “பாத்தீங்களா, பால் ஸ்டோர் ஆளுன்னா சும்மாவா” என்றார். எத்தனை மங்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று நாள் அப்படியே ஓடியது.

நீ படித்து வந்த பிறகு ஒருநாள் சும்மா கேட்பது போல உன்னிடம் கேட்டேன். ரப்பர் பாலுக்கு ஆசிட் வேண்டும், இந்த மருந்துக்கு ஆசிட் எமன் என்று சொன்னாய். ஆசிட் பட்டால் அந்த மருந்து முடிச்சுப் போடாமலே செத்துப்போகும், சில களிமண் தூளிலும் அந்தப் புளிப்பு இருக்கிறது என்றாய். அப்படியானால் நான் போட்ட இரண்டு மங்கில் பெரும்பகுதி களிமண்ணிலேயே செத்திருக்கிறது, மீதிதான் வேலை செய்திருக்கிறது. எனக்கு எங்கே தெரியும்? நாலாம் நாள் காலையில் களிமண் மூட்டை தீர்ந்து, பழைய சுண்ணாம்புத் தூளே திரும்ப வந்திருந்தது. இரண்டும் வெள்ளை. யாரும் சொல்லவில்லை, நானும் மூட்டையைப் பார்க்கவில்லை. மூன்று நாள் பழக்கத்தில் இரண்டு மங்கு மருந்தை அள்ளிப் போட்டேன். அன்று அதைத் தடுக்கக் களிமண் இல்லை.

ஷீட் வெந்ததும் மணி அடிக்கும், அச்சைத் திறக்கும்போது நல்ல ஷீட் பூரி மாதிரி உப்பி வெளியே துள்ளும். பாக்கியம் அது தெரிந்து ஒதுங்கி நிற்பாள், நீளக் கொக்கியால் இழுத்துப் போடுவாள். அவளைப் போல அந்த வேலையைச் செய்தவர் யாருமில்லை. அன்று ஷீட் துள்ளவில்லை. அதற்குள் எத்தனையோ முடிச்சு இறுக விழுந்திருக்கிறது, காற்றும் அடைந்து கிடந்திருக்கிறது, திறந்தவுடன் வெடித்துக் கிழிந்தது. ஒரு பக்கம் கிழிந்த துண்டு கொதிக்கக் கொதிக்க அவள் வலது கையில் சுற்றிக்கொண்டது. அதை உதறினாள், உதற உதற ஒட்டியது. எனக்கு மிக்சிங் ரூம் வரைக்கும் கேட்ட சத்தம் வெடித்த சத்தம் இல்லை, அவள் சத்தம்.

சாயங்காலம் ஆபீசில் விசாரணை. பாக்கியம் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்னே எழுதி வாங்க வேண்டும் என்று உட்கார வைத்திருந்தார்கள். மணியம் என்னைக் கேட்டார், “எத்தன மங்கு போட்டீங்க?” என்று. அவருக்குப் பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னேன், “ஒரு மங்குதான். எப்பவும் போல.” அப்படியானால் மணி அடிப்பதற்கு முன்னாலேயே அச்சைத் திறந்துவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மணி அடிச்சப்புறந்தான் தொறந்தேன். நீங்க உள்ளதான இருந்தீங்க, மணி கேட்டுச்சுல்ல? சொல்லுங்கண்ணே” என்றாள். மணி கேட்டது. எனக்கு நன்றாகக் கேட்டது. நான் மேசையில் இருந்த எனாமல் மங்கைப் பார்த்துக்கொண்டு, “மெஷின் சத்தத்துல கேக்கல” என்றேன். அப்படியே எழுதி, அவள் கட்டைவிரலை மையில் உருட்டி ரேகை வாங்கினார்கள். வலது கை ஆகாததால் இடது கை.

இங்கே இவள் பேனா நின்றுவிட்டது. “எழுதணுமா அப்பா?” என்று கேட்டாள். எழுது என்றேன். “மலரோட அம்மாவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திரி புகைந்தது, அதைச் சரிசெய்தாள். பிறகு எழுதினாள். இரண்டு வரி கோணலாக இருந்தால் அதற்காக இவளைக் கேலி செய்யாதே.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்பாய். அந்த வருடம் உனக்குப் பரீட்சை. வேலை போனால் உன் படிப்பு என்னாகும் என்று நினைத்தேன். அதைத்தான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களைத்துப் போய்ப் படுக்கும்போதும் அதையே சொல்லிக்கொள்வேன். ஆனால் தம்பி, அந்த ஆபீசில் நின்றபோது உன் ஞாபகம் எனக்கு வரவில்லை. அந்தப் பையன்கள் மறுபடியும் சிரிப்பார்கள், பால் ஸ்டோர் ஆளுக்கு அளவு தெரியவில்லை என்பார்கள், அந்த ஒன்றுதான் வந்தது. வேனில் வீடு திரும்பும்போதுதான் உன் பரீட்சை நினைவுக்கு வந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

இப்போது உன் மூன்று மருந்துக்கு வருகிறேன். முதலாவது, நான் போட்ட அதே பழைய மருந்து என்று எழுதியிருந்தாய். அதன் நாற்றம் எனக்குத் தெரியும். தலைமுடியில், தலையணையில், சோற்றில் கூட வரும். உன் அம்மா என் சட்டையைத் தனியாகத்தான் ஊறவைப்பாள். வாங்குகிறவன் செருப்பை முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பான். ஆனால் அது சொன்ன சூட்டில் சொன்ன வேலையைச் செய்யும். இரண்டாவதுக்கு நாற்றமில்லை, பத்துப் பதினைந்து டிகிரி சூடு கூடுதலாகக் கேட்கிறது, சில நாள் கழித்து ஷீட் மேல் வெள்ளையாகப் பூக்கிறது என்றாய். பூத்தால் துணியால் துடைத்துவிடலாம். உங்கள் இயந்திரம் அந்தச் சூட்டை நாள் முழுக்கத் தாங்குமா என்று மட்டும் இயந்திரத்துப் பக்கத்தில் நிற்கிறவனைக் கேள், மானேஜரைக் கேட்காதே. மூன்றாவது, களிமண் தூளில் கலந்தே வரும் மருந்து. அதைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கம் போனது. எந்தக் களிமண்? அதில் புளிப்பு உண்டா? தகரக் கூரைக்குக் கீழே மூன்று மாதம் கிடந்தால் மூட்டைக்குள்ளேயே எவ்வளவு சாகும்? உன் ஐந்தில் இரண்டு குழைந்ததற்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. நீதான் பார்க்க வேண்டும். ஒரே மூட்டையின் மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பார். பழைய மூட்டையையும் புது மூட்டையையும் வைத்துப் பார்.

இன்னொன்று. நீ உன் அறையில் தராசில் நிறுத்து, இத்தனை கிராம் என்று தாளில் எழுதுவாய். அந்தத் தாள் மிக்சிங் ரூமுக்குப் போகும். ஷீட் குழைந்து வந்தால் அங்கே நிற்கிறவன் உன்னிடம் வந்து சொல்வான் என்றா நினைக்கிறாய்? வரமாட்டான். திட்டு விழும், வேலை நிற்கும், நாலு பேர் சிரிப்பார்கள். அவன் ஒரு மங்கு கூட்டிப் போடுவான், அது சரியானால் பேசாமல் இருப்பான். பிறகு ஒருநாள் நல்ல மூட்டை வரும், அவன் கை பழகிய அளவையே போடும். ஒரு நாள் செத்தும் ஒரு நாள் உயிரோடும் வருகிற மருந்தை நீ தேர்ந்தெடுத்தால், உன் தாளில் இருக்கும் அளவு அந்த அறையில் ஒரு வாரம் கூட நிற்காது. நான் அந்த அறையில் நின்றவன், அதனால் சொல்கிறேன். எந்த மருந்தை எடுத்தாலும் அதை உன் அறையிலேயே நிறுத்துப் பொட்டலமாகக் கட்டிக் கொடு. மங்கை எடுத்துவிடு. ஷீட் குழைந்தால் திருப்பிக் கொண்டுவந்து கொடு, நான் திட்டமாட்டேன் என்று நீயே அவன் முகத்தைப் பார்த்துச் சொல். நீ சொன்னபடி அவன் முதல் முறை கொண்டுவரும்போது உனக்குக் கோபம் வரும். அன்று திட்டாமல் இரு. அதற்குப் பிறகு அவன் எதையும் மறைக்கமாட்டான். கையெழுத்தைத் தள்ளிப்போட்டால் மானேஜர் உன்னை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. வேலையே போனாலும் போகலாம். அதையும் தெரிந்துதான் சொல்கிறேன்.

பாக்கியம் இப்போது செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறாள். வலது கையில் மூன்று விரல் மடங்காது, இடது கையாலேயே பொறுக்கி மூட்டையில் போடுகிறாள். வழியில் பார்த்தால் நின்று பேசுவாள். “தம்பி எப்பிடி இருக்காரு ஜொகூர்ல? என் மகளுக்கும் அவர மாதிரி படிப்பு வந்துடணும்ண்ணே” என்பாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கு உண்மையாகவே மணி கேட்கவில்லை என்று நம்பிவிட்டாள். தான்தான் அவசரப்பட்டுத் திறந்துவிட்டோமோ என்று கூட ஒருநாள் கேட்டாள். “அன்னிக்கு மணி அடிச்சுதான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்குண்ணே” என்றாள். அவள் கையை எடுத்தது போதாதென்று, அவள் காதையும் நான் எடுத்துவிட்டேன். நான் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேரில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் ஒரு மங்கு என்று என் வாய் சொல்லிவிடும். அதனால் இந்தக் கடிதத்தில் அந்த நாளைப் பற்றி வரும் பகுதியை மட்டும் இன்னொரு தாளில் எழுதச் சொன்னேன், பாக்கியத்திடம் கொடுத்துவிடலாம் என்று. உன் தங்கை தாளை எடுத்து வைத்தாள், ஆனால் எழுதவில்லை. “அவங்களுக்குப் படிக்கத் தெரியாதேப்பா” என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. “மலர்தான் படிச்சுக் காட்டணும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த வெற்றுத் தாள் விளக்கடியில் கிடந்தது. என் வாயால் சொல்ல வேண்டியதை ஒரு பிள்ளையை எழுத வைத்து, இன்னொரு பிள்ளையை அவள் அம்மாவுக்கே படித்துக் காட்ட வைக்கப் பார்த்தேன். அந்தத் தாளைத் திரும்பவும் புத்தகத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்துக்கு வேலை இல்லை. காலையில் நானே மூன்றாம் லயத்துக்குப் போகிறேன். இரண்டு மங்கு போட்டேன், மணி அடித்தது, எனக்குக் கேட்டது என்று சொல்லப் போகிறேன். அதற்கு மேல் அவள் என்ன செய்தாலும் அது அவள் விருப்பம். உன் அம்மாவிடம் அன்று மத்தியானம் சொல்வேன்.

இந்தக் கடிதத்தை மடித்து, உறையில் உன் விலாசம் எழுதி, உன் தங்கையிடமே கொடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் கோலசிலாங்கூர் தபாலாபீசில் போட வேண்டும். ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் லயத்துப் படி ஏறவில்லை என்றால் போடக் கூடாது, கிழித்து அடுப்பில் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். தானே செய்யாததை மகனுக்குச் சொல்கிறவனின் கடிதம் உனக்கு வேண்டாம். இவள் தலையை ஆட்டினாள். பயந்தாலும் சொன்னதைச் செய்கிற பிள்ளை. நான் போகாவிட்டால் நீ ஒன்றும் தெரியாமல் அடுத்த மாதம் கையெழுத்துப் போட்டுவிடுவாய். அதனால் நான் போயே ஆக வேண்டும்.

இதை நீ இப்போது படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், நான் போனேன் என்று தெரிந்துகொள்.

அப்பா